வேரில் உப்புப் பட்டால் உட்கருவுக்கு யார் போய்ச் சொல்கிறார்கள்?

மாடித்தோட்டம்_திருவொற்றியூர்:
எங்கள் தெருவில் போர் தண்ணீர் வருஷத்துக்கு வருஷம் அதிகமாகக் கரிக்கிறது. மாடியில் தக்காளி, கத்தரி, வெண்டை வைத்திருக்கிறேன். லாரித் தண்ணீர் கிடைக்காத வாரங்களில் போர் தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டியிருக்கிறது. இரண்டு நாளில் இலை ஓரம் காய்ந்து சுருண்டுவிடுகிறது. எண்ணூர் பக்கம் போனால் அலையாத்தி மரங்கள் கழிமுகத் தண்ணீரிலேயே பச்சைப் பசேலென்று நிற்கின்றன.

ஆனால் நான் கேட்க வந்தது தோட்டத்தைப் பற்றி மட்டும் இல்லை. மகளின் பதினொன்றாம் வகுப்பு உயிரியல் புத்தகத்தைப் புரட்டினேன். உட்கரு, பசுங்கணிகம், மைட்டோகாண்ட்ரியா, வாக்குவோல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு படம், ஒரு பத்தி. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தகவல் எப்படிப் போகிறது என்பது மட்டும் கண்ணில் படவில்லை. உப்பு முதலில் தொடுவது வேர்ச் செல்லின் வெளிச்சவ்வை. எந்த ஜீனைத் திறப்பது என்பது உட்கருவுக்குள் நடக்கும் வேலை. நடுவில் யார் போய்ச் சொல்கிறார்கள்? தெரிந்தவர்கள் விரிவாகவே எழுதுங்கள், பொறுமையாகப் படிப்பேன்.

நுண்நோக்கி:
உப்பிலிருந்தே தொடங்கலாம். தாவரச் செல்லுக்குள் நடக்கும் பேச்சில் நன்றாகத் துலங்கிய பாதைகளில் அதுவும் ஒன்று. 1990களின் பிற்பகுதியிலிருந்து ஜியன்-காங் ஷூவின் குழு அரபிடாப்சிஸ் என்ற சின்னக் கடுகினச் செடியில் இதைப் படிப்படியாக அவிழ்த்தது.

சோடியம் வேரைத் தொட்ட சில விநாடிகளில் செல்லின் சைட்டோபிளாசத்தில், அதாவது உட்கருவுக்கு வெளியே நிறைந்திருக்கும் கூழில், கால்சியம் ஏறும். சாதாரண நேரத்தில் அங்கே கால்சியம் மிகக் குறைவு. செல்லின் நடுவை அடைத்திருக்கும் வாக்குவோல் என்ற பைக்குள் அதைப்போல் ஆயிரக்கணக்கான மடங்கு இருக்கும். அதனால் எங்கோ ஒரு வாயில் கொஞ்சம் திறந்தாலே ஏற்றம் பளிச்சென்று தெரிந்துவிடும். அந்த ஏற்றத்தைப் பிடிக்கும் சின்னப் புரதத்தின் பெயர் எஸ்.ஓ.எஸ்.3. கால்சியம் ஒட்டியதும் அதன் வடிவம் மாறும். மாறியதும் எஸ்.ஓ.எஸ்.2 என்ற புரதத்தைப் பற்றிக்கொள்ளும். இந்த எஸ்.ஓ.எஸ்.2 ஒரு கைனேஸ், அதாவது மற்றப் புரதங்களின் மேல் பாஸ்பேட்டை ஒட்டும் நொதி. ஜோடி சேரும்வரை தன்னுடைய ஒரு பகுதியாலேயே தன் வேலையைத் தடுத்து வைத்திருக்கும்.

எஸ்.ஓ.எஸ்.3-இன் முனையில் ஒரு கொழுப்பு வால் உண்டு. அந்த வால் சவ்வில் செருகிக்கொள்வதால் ஜோடி நேராக வெளிச்சவ்வில் போய் நிற்கும். அங்கேதான் சோடியத்தை வெளியே தள்ளும் எஸ்.ஓ.எஸ்.1 என்ற கடத்திப் புரதம் இருக்கிறது. பாஸ்பேட் ஒட்டியதும் அது முழு வேகத்தில் இறங்கும். ஒரு ஹைட்ரஜன் அயனியை உள்ளே விட்டு ஒரு சோடியத்தை வெளியே அனுப்பும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். அதே எஸ்.ஓ.எஸ்.2, எஸ்.ஓ.எஸ்.3-க்குப் பதிலாக சி.பி.எல்.10 என்ற புரதத்துடன் சேர்ந்தால் வாக்குவோலின் சவ்வுக்குப் போகும். அங்கே சோடியம் வெளியே தள்ளப்படுவதில்லை, வாக்குவோலுக்குள் அடைக்கப்படுகிறது. முதல் ஜோடிக்கு வேரில் வேலை அதிகம், இரண்டாவதுக்கு தண்டிலும் இலையிலும். ஒரே நொதிதான். யாருடன் சேர்ந்து எந்தச் சவ்வில் நிற்கிறது என்பதை வைத்துச் செல் என்ன செய்யப்போகிறது என்பது முடிவாகிறது. செல்லுக்குள் தகவல் போவதைப் பற்றி நான் சொல்ல நினைப்பதே இதுதான்: பல சமயம் ஒரு புரதம் எங்கே நிற்கிறது என்பதே செய்தி.

காசிமேடு_பிளஸ்ஒன்:
சார், எங்கள் வகுப்பில் உட்கருதான் செல்லின் தலைமை என்று எழுதிப் போட்டார்கள். நீங்கள் சொன்னதில் உட்கரு வரவே இல்லையே? வெளிச்சவ்வும் வாக்குவோலும் அவைகளே பேசி முடித்துவிட்டன போல இருக்கிறது.

நுண்நோக்கி:
சரியாகப் பிடித்தாய்மா. முதல் சில நிமிஷ வேலைக்கு உட்கரு தேவையே இல்லை. ஏற்கெனவே செய்து வைத்திருக்கும் புரதங்கள் போதும். ஆனால் உப்பு மணிக்கணக்காக, நாள்கணக்காக நீடித்தால் புதுப் புரதங்கள் வேண்டும். அப்போது உட்கருவுக்குத் தகவல் போயே ஆக வேண்டும். அதற்குப் பல வழிகள் இருக்கின்றன. ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

புரதங்கள் உருவாகி மடியும் எண்டோபிளாச வலையின் சவ்வில் பிஜிப்17 என்று ஒரு புரதம் இருக்கிறது. அதன் ஒரு பாதி வலைக்குள்ளே, மறுபாதி வெளியே சைட்டோபிளாசத்தில். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பாதிதான் ஜீன்களைத் திறக்கக்கூடியது. ஆனால் அது சவ்வில் கட்டப்பட்டிருக்கிறது, உட்கருவுக்குப் போக முடியாது. உப்பு நெருக்கடி வந்ததும் இந்தப் புரதம் வலையை விட்டுக் கிளம்பி, புரதங்களைப் பிரித்து அனுப்பும் கோல்கை என்ற அறைக்குப் போகும். அங்கே எஸ்1பி என்ற நொதி உள்பக்கத்தில் ஒரு வெட்டு வெட்டும். அதன்பின் சவ்வுக்கு நடுவிலேயே இன்னொரு வெட்டு. கட்டு அறுந்த வெளிப்பாதி மிதந்து உட்கருவுக்குள் நுழைந்து, உப்பைச் சமாளிக்கும் ஜீன்களைத் திறக்கும்.

அதன் உறவுக்காரப் புரதம் பிஜிப்28, வெயில் கடுமைக்கு. இதன் வலைக்குள் இருக்கும் பாதியை பி.ஐ.பி. என்ற புரதம் பிடித்து வைத்திருக்கும். பி.ஐ.பி.யின் அன்றாட வேலை, புதிதாகச் செய்த புரதங்கள் ஒழுங்காக மடிய உதவுவது. சூடு ஏறினால் சரியாக மடியாத புரதங்கள் வலைக்குள் குவியும். பி.ஐ.பி. அவற்றைக் கவனிக்கப் போய்விடும். பிடி விட்டதும் பிஜிப்28 கோல்கைக்குக் கிளம்பும், வெட்டப்படும், உட்கருவில் போய்ச் சேரும். யாரும் தனியாக ஒரு செய்தியை எழுதி அனுப்பவில்லை, கவனியுங்கள். வேலை பளு கூடியதே செய்தியாகிவிட்டது. சித்திரை வெயிலில் நம் ஊர்ச் செடிகளுக்குள் இந்த வகை வேலை இடைவிடாமல் நடந்துகொண்டிருக்கும்.

வேரிலிருந்து இலைக்குப் போகும் தகவலும் உண்டு. 2014இல் அரபிடாப்சிஸ் வேர் நுனியில் மட்டும் உப்பை வைத்துப் பார்த்தார்கள். கால்சியம் அலை விநாடிக்கு சுமார் 400 மைக்ரோமீட்டர் வேகத்தில் செல்லிலிருந்து செல்லுக்குத் தாவி மேலே ஏறியது. வாக்குவோல் சவ்வில் இருக்கும் டி.பி.சி.1 என்ற கால்வாய்ப் புரதம் இல்லாத செடிகளில் அந்த அலை மந்தமாகிவிட்டது. வாக்குவோலைப் பலர் வெறும் தண்ணீர்ப் பை என்று நினைக்கிறார்கள். அது வருத்தமான விஷயம். தாவரச் செல்லில் தகவலுக்கு ஆதாரமான இடங்களில் அது முக்கியமானது.

நெட்டுக்குப்பம்_அலை:
படித்தவர்கள் பேசும் இடத்தில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். கழிமுகத்தில் எறா பிடிக்கப் போகும்போது அலையாத்தி இலையை எத்தனையோ தடவை பறித்துப் பார்த்திருக்கிறேன். காலை வெயில் ஏறினதும் இலை மேல் சர்க்கரை தூவினது போல வெள்ளையாக உப்பு படிந்திருக்கும். நாக்கில் வைத்தால் கடல் உப்பேதான். மழை பெய்த மறுநாள் பார்த்தால் இருக்காது. அதுவும் நீங்கள் சொல்லும் பம்ப் வேலைதானா சார்?

நுண்நோக்கி:
அதேதான் அண்ணே. அலையாத்தி வேரிலேயே பெரும்பங்கு உப்பை வெளியே நிறுத்திவிடும். மீறி ஏறுவதை இலையில் உள்ள உப்புச் சுரப்பிகள் வெளியேற்றும். அந்தச் சுரப்பிச் செல்களின் சவ்வில் புரோட்டானை (ஹைட்ரஜன் அயனியை), செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி.யைச் செலவழித்துத் தள்ளும் புரதங்கள் நிறைய இருக்கும். அப்படித் தள்ளிச் சேர்த்த வேறுபாட்டைக் கொண்டு சோடியத்தை வெளியே அனுப்புகிறது.

இந்த மரத்தை வைத்துச் சென்னையிலேயே பெரிய வேலை நடந்திருக்கிறது. தரமணியில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் அஜய் பரிடாவின் குழு அலையாத்தியிலிருந்து உப்பைத் தாங்க உதவும் ஜீன்களைப் பிரித்தெடுத்து, சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்ற நொதியின் ஜீனை நெல்லுக்குள் செலுத்திப் பார்த்தது.

பெரம்பூர்_ஆய்வுமாணவி:
> உட்கருதான் செல்லின் தலைமை

காசிமேட்டுத் தங்கச்சிக்கு இதில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். இதைப் படித்துத்தான் நான் ஆய்வுக்கே வந்தேன்.

ஒளிச்சேர்க்கை நடத்தும் பச்சை மணியான பசுங்கணிகத்துக்குத் தனி டி.என்.ஏ. உண்டு என்று படித்திருப்பாய். ஆனால் அதில் புரதத்துக்கான ஜீன்கள் 80 அளவில்தான் இருக்கின்றன. பசுங்கணிகத்துக்குள் வேலை செய்யும் புரதங்களோ 2,000 முதல் 3,000 வகை. மிச்சமெல்லாம் உட்கருவின் ஜீனிலிருந்து, சைட்டோபிளாசத்தில் செய்யப்பட்டு உள்ளே போகின்றன. பெரும்பாலானவற்றின் முன்பக்கத்தில் ஒரு சின்ன அமினோ அமிலத் தொடர் இருக்கும். பசுங்கணிகத்தின் வெளிச்சவ்வில் உள்ள டாக்159, டாக்34 ஆகியவை அதை அடையாளம் காணும். டாக்75 வழிவிடும். உள்ளே போனதும் அந்த முன்பகுதி வெட்டி எறியப்படும். புரதத்திலேயே அது போக வேண்டிய இடம் எழுதப்பட்டிருக்கிறது என்று காட்டியதற்காகத்தான் குன்டர் பிளோபலுக்கு 1999இல் நோபல் கிடைத்தது.

இப்போது ருபிஸ்கோவை எடுத்துக்கொள். கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கும் அந்த நொதியில் 8 பெரிய துண்டு, 8 சிறிய துண்டு. பெரியது பசுங்கணிகத்தின் ஜீனிலிருந்து, சிறியது உட்கருவின் ஜீனிலிருந்து. இரண்டு இடத்திலும் கணக்கு ஒத்துப்போகாவிட்டால் ஒரு பக்கத்துத் துண்டுகள் வீணாகும். அப்படியென்றால் பசுங்கணிகம் எந்த நிலையில் இருக்கிறது என்று உட்கருவுக்குத் தெரிந்தாக வேண்டும், இல்லையா?

தெரிகிறது. பசுங்கணிகத்தை ஒரு களைக்கொல்லியால் சிதைத்தால், உட்கரு ஒளிச்சேர்க்கைக்கான ஜீன்களை மூடிவிடுகிறது. 1993இல் அமெரிக்காவில் ஜோஆன் சோரி உள்ளிட்டவர்கள் அப்படி மூடாத, ஜீன் பழுதான சில விகாரச் செடிகளைப் பிடித்தார்கள். பசுங்கணிகம் நாசமாகிக் கிடக்கிறது, உட்கருவோ ஒன்றும் தெரியாமல் ஜீன்களைத் திறந்தே வைத்திருக்கிறது! அந்தச் செடிகளில் பழுதான புரதங்களில் ஒன்று கன்1. அது இருப்பது பசுங்கணிகத்துக்குள். அது எப்படித் தகவலை வெளியே தள்ளுகிறது என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்றைக்கும் வாதம் ஓய்ந்தபாடில்லை.

இன்னொரு பாதை தெளிவானது. பசுங்கணிகத்தில் சால்1 என்று ஒரு நொதி, பி.ஏ.பி. என்ற சின்ன மூலக்கூறை ஓயாமல் உடைத்துக்கொண்டிருக்கும். வறட்சியோ கடும் வெளிச்சமோ வந்து ஆக்சிஜனேற்றம் கூடினால் சால்1 முடங்கும். உடைக்க ஆளில்லாமல் பி.ஏ.பி. சேர்ந்து உட்கரு வரை போகும். அங்கே ஆர்.என்.ஏ.வை அரைத்துத் தள்ளும் நொதிகளைத் தடுக்கும். வறட்சியைத் தாங்கும் ஜீன்களின் கை ஓங்கும். ஆஸ்திரேலியக் குழு ஒன்று 2011இல் இதை வெளியிட்டது. சால்1 பழுதான செடிகள் தண்ணீர் இல்லாமல் அதிக நாள் தாக்குப்பிடிக்கின்றன.

ஆக, உட்கருவும் மற்றவர்களைக் கேட்டுத்தான் நடக்கிறது. 'தலைமை' என்று தேர்வில் எழுது, மதிப்பெண் போய்விடக் கூடாது. மனதில் மட்டும் இதையும் வைத்துக்கொள்.

காசிமேடு_பிளஸ்ஒன்:
தேங்க்ஸ் அக்கா. களைக்கொல்லி போட்டுப் பார்க்கலாம் என்று யாருக்கு முதலில் தோன்றியதோ! நானும் தாவரவியல் எடுக்கலாமா என்று யோசிக்கிறேன். வீட்டில் நர்சிங் என்கிறார்கள்.

வண்ணாரப்பேட்டை_வேதியியல்:
எல்லாம் சரி, ஆனால் மைய வழியை விட்டுவிட்டுக் கிளைச் சந்துகளையே பேசுகிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. செல்லின் அறைகளுக்கு நடுவே சரக்கும் தகவலும் போவது நுண்பைகள், அதாவது சவ்வாலான சின்னப் பைகள் வழியாகத்தான். வலையில் மொட்டு விட்டுக் கிளம்பும் நுண்பை கோல்கைக்குப் போகிறது, அங்கிருந்து வெளிச்சவ்வுக்கோ வாக்குவோலுக்கோ போகிறது. எந்த நுண்பை எந்தச் சவ்வுடன் இணைய வேண்டும் என்பதை ஸ்னேர் புரதங்கள் முடிவு செய்கின்றன. நுண்பையில் ஒன்று, போய்ச் சேரும் சவ்வில் அதற்குத் தோதான மற்றவை, இரண்டும் பின்னிக்கொண்டால்தான் சவ்வுகள் ஒன்றாகும். ராத்மன், ஷெக்மன், சூடாஃப் மூவரும் 2013இல் நோபல் வாங்கியது இந்த ஏற்பாட்டுக்காக. செடியில் செல் இரண்டாகப் பிரியும்போது நடுவில் புதுச் சுவர் எழும்ப வேண்டுமே, அதற்கும் நோல் என்ற ஸ்னேர் வேண்டும். அது பழுதானால் முளையிலேயே செடி உருக்குலைந்துவிடும். இதைச் சொல்லாமல் புரதம் எங்கே நிற்கிறது என்று மட்டும் பேசினால் பாதிக் கதைதான்.

பெரம்பூர்_ஆய்வுமாணவி:
நுண்பைகளின் முக்கியத்துவத்தை நான் மறுக்கவில்லை அண்ணா. ஆனால் 'மைய வழி' என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். பசுங்கணிகத்துக்குப் போகும் புரதங்களில் மிகச் சிலதான் கோல்கை வழியாகப் போகின்றன. செல்லின் சுவாசம் நடக்கும் மைட்டோகாண்ட்ரியா அந்த நுண்பைத் தடத்தில் இல்லவே இல்லை. அவற்றுக்கும் மற்ற அறைகளுக்கும் நடுவே இவ்வளவு நெருக்கமான பேச்சு நடக்கிறதே, எந்த வழியில்?

சவ்வுத் தொடுமுனைகள். கடந்த சில பத்தாண்டுகளில் செல்லைப் பற்றிய பார்வையை மாற்றியதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. எண்டோபிளாச வலை, வெளிச்சவ்வுக்கு வெகு அருகே, 30 நானோமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் வந்து நிற்கும். சாதாரணத் தாள் ஒன்றின் கனம் சுமார் 1 லட்சம் நானோமீட்டர் என்று வைத்துப் பாருங்கள். இரண்டு சவ்வும் ஒட்டாது, இணையாது. ஆனால் நடுவில் புரதங்கள் இரண்டையும் பிடித்து நிறுத்தியிருக்கும். தாவரத்தில் அப்படிப் பிடிப்பவை சினாப்டோடாக்மின்1, விஏபி27 போன்றவை. விஏபி27, நெட்3சி என்ற புரதத்துடன் சேர்ந்து, செல்லின் உள்சட்டமான ஆக்டின் இழைகளோடும் அந்த இடத்தைக் கட்டிப்போடுகிறது என்று 2014இல் காட்டினார்கள்.

இந்த உரையாடலில் உப்பிலிருந்துதான் தொடங்கினோம், அதனால் இதையும் சொல்கிறேன். சினாப்டோடாக்மின்1 இல்லாத அரபிடாப்சிஸ் செடிகள் உப்புத் தண்ணீரில் மற்றவற்றைவிடச் சீக்கிரம் சாகின்றன. வெளிச்சவ்வு கிழிந்தால் ஒட்டுப்போட முடியாமல் தவிக்கின்றன. குளிரிலும் அப்படியே. தொடுமுனை ஒரு அலங்காரம் இல்லை, உயிர் போகும் விஷயம்.

வலைக்கும் பசுங்கணிகத்துக்கும் நடுவிலும் இப்படி இடங்கள் உண்டு. பசுங்கணிகத்தின் உள்ளே இருக்கும் தைலக்காய்டு சவ்வுகளுக்கு வேண்டிய கொழுப்பில் ஒரு பங்கு வலையிலிருந்து வருகிறது. கொண்டுவருவது டி.ஜி.டி. புரதங்கள். நுண்பை எதுவும் நடுவில் இல்லை.

வண்ணாரப்பேட்டை_வேதியியல்:
மைட்டோகாண்ட்ரியாவைப் பற்றிச் சொன்னது ஏற்கத்தக்கது. ஆனால் அந்தச் சினாப்டோடாக்மின் வெளிச்சவ்வில் வந்து வேலை செய்ய, வெளிச்சவ்வுக்குக் கொழுப்பும் மற்றப் புரதங்களும் வந்து சேர வேண்டும். அது நுண்பை வழிதானே? கட்டடம் கட்டிய பிறகுதான் ஜன்னல் வழியாகப் பேச முடியும். நான் அந்த இடத்திலிருந்து நகர மாட்டேன் தங்கச்சி.

பெரம்பூர்_ஆய்வுமாணவி:
சரி, நகர வேண்டாம் 🙂 மூன்று அறைகள் ஒன்றாக வேலை செய்வதற்கு ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன், நுண்பையே வராதது. ருபிஸ்கோ சில சமயம் கார்பன் டை ஆக்சைடுக்குப் பதில் ஆக்சிஜனைப் பிடித்துவிடும். 25 டிகிரியில் ஏறக்குறைய நாலுக்கு ஒரு தடவை. வெயில் ஏற ஏற இன்னும் அதிகம். அதில் பிறக்கும் உதவாத பொருளைச் சரிசெய்ய, அது பசுங்கணிகத்திலிருந்து கிளைக்காலேட்டாகப் பெராக்ஸிசோம் என்ற சின்ன அறைக்குப் போகிறது. கிளைசினாகி மைட்டோகாண்ட்ரியாவுக்கு. அங்கே இரண்டு கிளைசின் சேர்ந்து ஒரு செரினாகி மறுபடி பெராக்ஸிசோமுக்கு. கடைசியில் கிளிசரேட்டாகப் பசுங்கணிகத்துக்கே திரும்புகிறது. ஒளிச்சுவாசம் என்று படிக்கிறோமே, அது இதுதான்.

மூன்றும் தள்ளித் தள்ளிக் கிடந்தால் இது மெதுவாகிவிடும். 2015இல் ஜப்பானியக் குழு ஒன்று பார்த்தது: வெளிச்சம் பட்டதும் பெராக்ஸிசோம் உருண்டை வடிவம் மாறி, நீள்வட்டமாகிப் பசுங்கணிகத்தின் மேல் அப்பிக்கொள்கிறது. எவ்வளவு பலமாக ஒட்டியிருக்கிறது என்று லேசர் துடிப்பால் தட்டிப் பார்த்தார்கள். இருட்டில் எளிதாகப் பிரிந்தது, வெளிச்சத்தில் பிரிக்கப் பெரும்பாடு.

நுண்நோக்கி:
இந்த இடத்தில் காசிமேட்டு மாணவிக்கு ஒரு யோசனை. இதைப் படத்தில் பார்ப்பதைவிட நேரில் பார். கொளத்தூரில் வண்ணமீன் கடைகளில் தண்ணீருக்குள் வளரும் ஒரு செடி கிடைக்கும், ஹைட்ரில்லா என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். நுனிக்கு அருகில் இருக்கும் இளம் இலை ஒன்றைக் கிள்ளி, ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்து, மேலே கவர்சிலிப் போட்டுப் பள்ளி நுண்நோக்கியில் 40 எண் லென்ஸில் வை. சாயம் எதுவும் வேண்டாம். விளக்கைப் போட்டுக் கொஞ்சம் காத்திரு. நடு நரம்பை ஒட்டிய செல்களில் பச்சை மணிகள் சுவர் ஓரமாகவே வரிசையாக நகரத் தொடங்கும். சில வேகமாக, சில முட்டி நின்று, பின்னால் வருவது தள்ள மறுபடி கிளம்பும். ஒரு மூலைக்கு வந்தால் சுவரோடு திரும்பும், நடுவில் குறுக்கே பாயாது, ஏனென்றால் நடுவில் வாக்குவோல் அடைத்திருக்கிறது. அந்தக் காட்சியில் வாக்குவோல் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மணிகள் போகாத இடத்தை வைத்தே அதன் அளவு புரிந்துவிடும்.

ஆக்டின் இழைகளின் மேல் மயோசின்11 என்ற புரதம் ஏ.டி.பி.யைச் செலவழித்து நடப்பதால்தான் இந்த ஓட்டம். காரா என்ற பாசியில் இது விநாடிக்கு 50 மைக்ரோமீட்டரைத் தாண்டும். அறைகள் ஒன்றையொன்று தேடி வந்து தொட்டுப் பிரிவதற்கும் இதுவே அடிப்படை.

நெட்டுக்குப்பம்_அலை:
இன்னொன்று கேட்க வேண்டும். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெய் வந்து படர்ந்தது எல்லோருக்கும் தெரியும். வலை, படகு எல்லாம் கறுப்பாகிப் போனது ஒரு பக்கம். அலையாத்தியின் மூச்சு வேர் சேற்றில் ஆணி ஆணியாக நீட்டிக்கொண்டிருக்கும் இல்லையா, அதன் மேல் எல்லாம் பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டது. கையால் வழித்தால் தோலோடு வந்தது. அந்த மரத்துக்குள் அப்போது என்ன நடந்திருக்கும்? வேருக்கு மூச்சு முட்டுவது இலைக்குத் தெரியுமா? நாங்கள் அதை நம்பித்தான் பிழைக்கிறோம். நண்டுக்கும் எறாவுக்கும் குஞ்சு பொரிக்கிற இடம் அந்த வேர்க்காடு.

நுண்நோக்கி:
அண்ணே, இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் எழுத வேண்டும் என்று இரவுவரை வைத்திருந்தேன்.

மூச்சு வேரின் தோலில் சின்னத் துளைகள் இருக்கும். காற்று அதன் வழியாகத்தான் சேற்றுக்கடியில் உள்ள வேர்களுக்கு இறங்குகிறது. எண்ணெய் அதை அடைத்தால் வேர்ச் செல்களில் ஆக்சிஜன் விழும். இனி நான் சொல்வது அரபிடாப்சிஸிலும் நெல்லிலும் சோதித்துக் கண்டது.

ஈ.ஆர்.எஃப்.7 என்று ஒரு புரதக் குடும்பம். அதில் ஆர்.ஏ.பி.2.12 என்பது ஆக்சிஜன் தாராளமாக இருக்கும்போது வெளிச்சவ்வில் இன்னொரு புரதத்தோடு ஒட்டிக் கிடக்கும். சவ்வை விட்டுத் தளர்ந்தால், ஆக்சிஜன் அதன் முனையில் இருக்கும் சிஸ்டீனை மாற்றிவிடும். மாறியதைச் செல் உடனே அழித்துவிடும். ஆக்சிஜன் குறைந்தால் அந்த மாற்றம் நடக்காது. புரதம் பிழைத்து உட்கருவுக்குப் போய், காற்றில்லாமல் சர்க்கரையை உடைக்கும் ஜீன்களைத் திறக்கும். 2011இல் இரண்டு குழுக்கள் ஒரே சமயத்தில் இதை வெளியிட்டன. ஆக்சிஜன் இருப்பதை அழிவாலும், இல்லாததைப் பிழைப்பாலும் உட்கரு அறிகிறது.

மைட்டோகாண்ட்ரியாவும் தன் பங்குக்குச் சொல்லும். அங்கே சுவாசம் தடுமாறினால், எண்டோபிளாச வலையில் கட்டப்பட்டிருக்கும் ஏநாக்017 என்ற புரதம் வெட்டுப்பட்டு உட்கருவுக்குப் போகும், மாற்று ஆக்சிடேஸ் என்ற நொதியைச் செய்ய வைக்கும். கோளாறு மைட்டோகாண்ட்ரியாவில், செய்தி கிளம்பும் இடம் வலை. இரண்டும் தொட்டுக்கொண்டு இருப்பது எதற்கு என்று இப்போது புரியும்.

நம் நாட்டு விவசாயியின் கையில் ஈ.ஆர்.எஃப்.7 குடும்பத்தின் ஒரு புரதம் ஏற்கெனவே இருக்கிறது. நெல்லில் சப்1ஏ. 2006இல் அந்த ஜீனைக் கண்டறிந்தார்கள். அது இருக்கும் பயிர் முழுதும் மூழ்கினாலும் உயரமாக வளர்ந்து சக்தியை வீணாக்காமல் சுமார் இரண்டு வாரம் அடங்கிக் கிடக்கும், தண்ணீர் வடிந்ததும் துளிர்க்கும். ஸ்வர்ணா சப்1, சி.ஆர்.1009 சப்1 எல்லாம் அப்படி வந்த நெல் ரகங்கள்.

ஆனால் இந்த ஏற்பாடெல்லாம் சில நாள் நெருக்கடிக்கு. சர்க்கரை தீர்ந்தால் எந்தப் புரதமும் காப்பாற்றாது. மாதக்கணக்கில் துளை அடைபட்டுக் கிடந்தால் மரம் தோற்கத்தான் செய்யும். வேர்களைச் சுத்தம் செய்வதில் காட்டும் தாமதம் எவ்வளவு கொடுமை என்பது இதைப் படித்தவர்களுக்குப் புரிய வேண்டும்.

நெட்டுக்குப்பம்_அலை:
புரிகிறது சார். சில மரம் இலை கொட்டிப் போச்சு, சிலது மறுபடி துளிர்த்தது. ஏன் ஒன்று செத்து ஒன்று பிழைத்தது என்று அப்போது தெரியவில்லை. துளிர்த்ததெல்லாம் நீரோட்டம் அடித்துக் கழுவின பக்கம் இருந்ததுதான்.

மாடித்தோட்டம்_திருவொற்றியூர்:
நான் கேட்டதைவிடப் பல மடங்கு கிடைத்தது, எல்லோருக்கும் நன்றி. மகளும் உட்கார்ந்து படித்தாள். கடைசியாக என் தக்காளிக்கு வருகிறேன். போர் தண்ணீரைக் கைவிட முடியாது. கடையில் ஜிப்சம் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

நுண்நோக்கி:
அளவோடு போடலாம். ஜிப்சம் என்பது கால்சியம் சல்பேட். மண்ணில் ஒட்டியிருக்கும் சோடியத்தைக் கால்சியம் இடம்பெயர்க்கும். ஆனால் அந்தச் சோடியம் தொட்டியிலிருந்து வெளியேற வழி வேண்டும், அதனால் அடித்துளைகள் திறந்திருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். மழைத் தண்ணீரை டிரம்மில் பிடித்து, தொட்டிக்கு அடியில் வழிந்தோடும்வரை இடையிடையே ஊற்றுங்கள். இல்லாவிட்டால் ஜிப்சமும் இன்னோர் உப்பாகத்தான் சேரும்.

செடிக்குள்ளும் கால்சியத்துக்கு வேலை இருக்கிறது. எஸ்.ஓ.எஸ்.3 பழுதான அரபிடாப்சிஸ் செடிகள் உப்பில் வாடும். அதே செடிகளுக்கு வெளியிலிருந்து கால்சியம் கூட்டிக் கொடுத்தபோது ஓரளவு தேறின.

நெட்டுக்குப்பம்_அலை:
தக்காளி கஷ்டப்பட்டால் உமரி வையுங்கள் அக்கா. உப்பளப் பக்கம் தானாக வளரும், சிவப்பும் பச்சையுமாகக் குண்டு இலை. எங்கள் வீட்டில் உமரிக்கீரை கடைந்தால் உப்பே போட மாட்டார்கள்.

நுண்நோக்கி:
அந்தக் குண்டு இலைக்கும் வாக்குவோல்தான் காரணம். உமரி சோடியத்தை வெளியே துப்புவதில்லை. வாக்குவோல் சவ்வில் உள்ள என்.எச்.எக்ஸ். கடத்திகளால் உள்ளே அடைத்துக்கொண்டே போகும். உப்புச் சேரச் சேரத் தண்ணீரும் கூடவே இழுக்கப்பட்டு இலை பருக்கிறது. அக்கா, பறித்த கீரையை ஒரு தடவை கொதிக்க வைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமையுங்கள். வீட்டில் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இருந்தால் அதையும் கொஞ்சமாகவே.